88 கிலோ எடைக்கு கருத்தடை மாத்திரை வேலை செய்யுமா?

எடை கூடினால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது என்று உங்கள் மதினி சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். எடை 88 கிலோ என்பதற்காக தினசரி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒழுங்காகப் போட்டால் உங்களுக்கும் வேலை செய்யும். எடையால் பலன் குறைந்தாலும் கொஞ்சம்தான்.

உங்கள் மதினி சொன்னது, உறவுக்குப் பின் போடும் அவசர மாத்திரையைப் பற்றியதாக இருக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரையின் பலன் 70 கிலோவுக்கு மேல் குறையலாம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

பெரும்பாலும் கோட்டை விடுவது மறதியில்தான். அட்டையை எடுத்துப் பாருங்கள்: நடுவில் மாத்திரை மிஞ்சியிருக்கிறதா? புது அட்டை தொடங்கத் தாமதமானதா? அதைவிட முக்கியம், டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறீர்களா? அதுவும் சில வலிப்பு மருந்துகளும் மாத்திரையின் பலனை நிஜமாகவே கெடுக்கும்.

அவசரம் என்றால், கருப்பைக்குள் வைக்கும் சிறு கருவியான காப்பர் லூப்தான் என் தேர்வு. உறவுக்குப் பின் 5 நாளுக்குள் வைக்கவேண்டும், எடை அதை ஒன்றும் செய்யாது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள் என்றீர்களே, அங்கே அரசு கிளினிக்கில் இலவசம். ஆனால் லூப் வைக்கத் தெரிந்த நர்ஸ் என்றைக்கு வருவார் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம், பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். எடையோடு ரத்த அழுத்தமோ சிகரெட்டோ சேர்ந்தால், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அப்போது கிளினிக்கிலேயே வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.