கம்பனி மாறும், வார்ட் மாறாது

கடிதம்:

வணக்கம் அக்கா. அம்மாவுக்குக் கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஆஸ்பத்திரி ஆள் இல்லை, கொந்தராத்துக் கம்பனி ஆள். கொரோனா நேரம் ஒரு மாஸ்க்கை மூன்று நாள் போட்டார். காய்ச்சலென்று நின்றால் சம்பளம் வெட்டு, அதனால் மறைத்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். இனி ஒரு தொற்று வந்தாலும் இதே கதைதான். சங்கம் தொடங்குங்கள் என்றால், "கம்பனியே இரண்டு வருசத்தில் மாறிவிடும், யாரிடம் போய்க் கேட்கிறது?" என்கிறார். அவர் சொல்வதும் சரிதானே?

– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொல்வது பாதி சரி. கம்பனி மாறும்; ஆனால் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் புதுச் சீருடையோடு அதே வார்டில் நிற்பார்கள். சேவைக்காலம் மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வேலையை விடும்போது கிடைக்கும் மொத்தத் தொகையான பணிக்கொடைக்கு, 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் 5 வருடம் முடிய வேண்டும். இரண்டு வருடத்துக்கொரு கம்பனி என்றால் அந்த ஐந்து எப்போது முடிவது? ஆகவே சங்கத்தைக் கம்பனியின் பெயரில் தொடங்காதீர்கள். ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர் என்று தொழிலின் பெயரில் தொடங்குங்கள்.

பதிவுக்கு 7 பேர் போதும். தொடங்கி மூன்று மாதத்துக்குள் தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் 7 பேரை வைத்துக்கொண்டு கம்பனியைப் பேச்சுக்கு இழுக்க முடியாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தப்படி, யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களில் 40 வீதமானோர் அங்கத்தவராக இருந்தால்தான் முதலாளி பேச மறுப்பது குற்றம். கோரிக்கையை அந்த ஆஸ்பத்திரித் தொழிலாளருக்கென்று எழுதினால், அங்கே 60 பேர் என்றால் 24 பேர். அப்போதும் வழக்குப் போடுவது தொழில் ஆணையாளர்தான், நீங்கள் அல்ல. அதனால் கேட்டதையும் மறுத்ததையும் திகதியோடு எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அரச சிற்றூழியர் சங்கத்தில் சேரலாமே என்பார்கள். அரச ஊழியர் சங்கம் அரச ஊழியருக்கு மட்டும். ஆதரவு கேட்கலாம், அங்கத்துவம் கிடைக்காது.

சங்கம் இருந்தால் நோய் குறையுமா? 2020இல் நியூயோர்க் மாநிலத்தின் 355 முதியோர் பராமரிப்பு இல்லங்களை எடுத்துப் பார்த்தார்கள். சங்கம் இருந்த இல்லங்களில் கோவிட் மரண விகிதம் ஏறத்தாழ 30 வீதம் குறைவு. சங்கம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே இல்லங்களில் என்95 முகக்கவசமும் கண் கவசமும் கூடுதலாகக் கிடைத்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

இங்கே ஏன் மாஸ்க் கிடைக்கவில்லை? மேற்பார்வையாளரின் கல்மனம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கோளாறு டெண்டரில் இருக்கிறது. "தேவையான பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கப்பட வேண்டும்" என்று எண்ணே இல்லாமல் ஒரு வரி. குறைந்த விலை போட்டவருக்கே வேலை. பிறகு கொடுக்கும் ஒவ்வொரு மாஸ்க்கும் அவருடைய இலாபத்தில் வெட்டு. எண்ணை எழுதிவிட்டால் எல்லாக் கம்பனிகளும் அந்தச் செலவைச் சேர்த்தே விலை போடும். ஒழுங்காக மாஸ்க் கொடுப்பவர் டெண்டரில் தோற்க மாட்டார். வியர்வையில் நனைந்த மாஸ்க்கை மாற்ற வேண்டும், ஆகவே ஒரு ஷிப்டுக்கு இரண்டு, கைவசம் ஒன்று. 60 பேர், 26 நாள்: மாதம் 4,680. "போதுமானளவு" என்று கேட்காதீர்கள், 4,680 என்று கேளுங்கள். தடித்த ரப்பர் கையுறை ஆளுக்கொரு சோடி, அளவு பார்த்து. சின்னக் கைக்குப் பெரிய கையுறை கொடுத்தால் விரல் நுனி தொங்கும், பை முடிச்சுப் பிடிபடாது, கழற்றிவிட்டு வெறுங்கையால் கட்டுவார்கள். ஊசி குத்துவது அந்த நேரத்தில்தான். ஊசிப்பெட்டி முக்கால் நிரம்பியதும் மூட வேண்டும் என்பது ஆஸ்பத்திரிகளின் பொதுவான தொற்றுக் கட்டுப்பாட்டு விதி. அதற்கு மேல் நிரம்பியதைத் தூக்க மாட்டோம் என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாள் வேலை இராது. எல்லோரும் சேர்ந்து, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடம் போய்ச் சொன்னால் பேச்சே வேறு. அவரும் அதைத்தான் விரும்புவார்.

அதோடு சாப்பிட ஓர் அறை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே எட்டுப் பேர் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டால், வார்டில் காத்த கவனமெல்லாம் வீண்.

காய்ச்சல் விஷயம் இதைவிடப் பெரிது. நாள் சம்பளம் வெட்டினால் எந்த மனிதரும் மறைப்பார். அறிவுரை அங்கே செல்லாது. தனிமைப்படுத்தல் நாளுக்குச் சம்பளமும், அவருக்குப் பதிலாள் ஒருவரின் கூலியும் டெண்டரில் தனி வரியாக வர வேண்டும். கேட்க முன்மாதிரி உண்டு: 2020 மே மாதம் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்றும் உட்கார்ந்து, வேலையில்லாமல் வீட்டில் இருத்தப்பட்ட தனியார்துறையினருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது என்று இணங்கினார்கள். சங்கங்கள் மேசையில் இருந்ததால் வந்த தொகை அது.

தொற்றுக் காலத்தில் வேலைநிறுத்தத்தை நான் சொல்ல மாட்டேன். அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி வந்தால் வேலைக்கு வராததே குற்றமாகிவிடும். நோயாளியின் ஆதரவும் போய்விடும். கேட்க வேண்டியதை அமைதிக் காலத்தில், அடுத்த டெண்டருக்கு முன்பே கேட்க வேண்டும்.

அதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடம் மூன்றைக் கேளுங்கள்: தற்போதைய துப்புரவு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள், அது முடியும் திகதி, ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆட்கள் என்ற எண். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் பெயரில் போடுங்கள், அம்மாவின் பெயர் எங்கும் வர வேண்டாம்.