டாஸ்மேனியாவில் ப்ரௌன் ட்ரவுட் பிடிக்க கைடு தேவையா, தனியாகவே போகலாமா?

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்கு டிசம்பரில் ஒரு வாரம், ப்ரௌன் ட்ரவுட் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகப்போவதாகவும், ஃப்ளை ஃபிஷிங் (பூச்சிபோல் கட்டிய கொக்கியை வீசி மீன் பிடிப்பது) ஓரளவு பழகியிருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்குப் பல நூறு டாலர் கொடுத்து கைடு வைப்பது வீண் செலவா என்பது உங்கள் சந்தேகம். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு தனியாகவே போகலாம், தடையில்லை. ஆனாலும் முதல் இரண்டு நாளுக்காவது கைடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மெல்பர்னில் இருக்கிறேன். முதல் தடவை தனியாகத்தான் போனேன். தீவின் நடு மேட்டுநிலத்தில் உள்ள மியேனா என்ற சிற்றூரின் பக்கத்து ஏரிக்கரைகளில் நான்கு நாள் நடந்தும் ஒரு மீனைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த வருடம் கைடோடு போனபோது, முதல் நாள் காலை பத்து மணிக்குள் ஏழு மீன் பார்த்துவிட்டேன். முந்தைய வருடம் நான் கடந்துபோன கரையில்தான் அவையும் நீந்திக்கொண்டிருந்தன.

சின்ன வயதில் தாமிரபரணியில் மண்புழு கோத்து, தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்து பழகியவன் நான். அங்கே இரையைத் தேடி மீன் வரும். இங்கே மீனை நாம் தேடிப் போகவேண்டும். ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிய சின்னக் கொக்கி, எடையே இல்லாதது. தடித்த தூண்டில் கயிற்றின் (லைன்) எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த வீச்சை வீடியோ பார்த்து, புல்தரையில் பழகிவிடலாம். தண்ணீருக்குள் பார்ப்பதைத்தான் பக்கத்தில் ஒருவர் நின்று காட்டவேண்டியிருக்கிறது.

கைடு எனக்குக் காட்டியது இதுதான். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் மேடான இடத்தில் நிற்கவேண்டும். தண்ணீரின் பளபளப்பை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி இல்லாமல் கரைக்கே போகக்கூடாது. தண்ணீரின் மேல்பரப்பைப் பார்க்காமல் அடித்தரையைப் பார்க்கவேண்டும். முழு மீன் தெரியும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அடிமணலில் ஒரு நிழல் நகரும், ஒரு வால் அசையும், வாய் திறக்கும்போது உள்ளே வெள்ளை பளிச்சென்று தெரிந்து மறையும். அவர் கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்வார். நமக்கு நேர் எதிரே பன்னிரண்டு மணி. "பதினொரு மணி, பத்து மீட்டர், இடப்பக்கம் போகிறது" என்பார். மதியத்துக்குமேல் அவர் சொல்வதற்கு முன்பே நான் ஒரு மீனைக் கண்டுபிடித்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

ஏரியும் ஆறும் ஒன்றல்ல என்பதும் அவரோடு நடந்தபோதுதான் புரிந்தது. ஆற்றில் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்தபடி ஓரிடத்தில் நிற்கும். இரை அதனிடம் மிதந்து வரும். அதற்குப் பின்பக்கம் தெரியாது, அதனால் கீழிருந்து மேல்நோக்கி நடந்து போனால் நெருங்கிவிடலாம். ஏரியில் ஓட்டம் கிடையாது. மீனே கரையோரமாக ரோந்து சுற்றும். அது போகும் பாதையைக் கணித்து, சில மீட்டர் முன்னால் ஃப்ளையைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்கவேண்டும். தலைமேல் போட்டால் அடுத்த நொடி அங்கே மீன் இருக்காது.

நான் கோட்டைவிட்டது கொக்கியை மாட்டும் நேரத்தில். லிட்டில் பைன் லகூன் என்ற ஏரியில் மேஃப்ளை பூச்சிகள் பொரித்து மேலே வந்துகொண்டிருந்தன. பெரிய மீன் ஒன்று என் ஃப்ளையை நிதானமாக வாயில் எடுத்தது. நான் உடனே இழுத்தேன், வெறும் கொக்கிதான் வந்தது. இரண்டாவது மீனும் அப்படியே போயிற்று. மூன்றாவதுக்கு, மீனின் தலை முழுதாகத் தண்ணீருக்குள் போகும்வரை பொறுக்கச் சொல்லி என் தோளில் கையை வைத்துக்கொண்டார் கைடு. அது மாட்டியது. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, கொக்கியைக் கழற்றித் திரும்ப விட்டோம். வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். அவ்வளவு அழகான மீனை நான் அதுவரை கையில் பிடித்ததில்லை.

இந்த மீன் அந்தத் தீவுக்கு வந்த கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். 1864இல் நார்ஃபோக் என்ற கப்பலில், ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டி நடுவே வைத்து, இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்தார்கள். முக்கிய நோக்கம் சால்மன்தான். ட்ரவுட் முட்டை கூடவே வந்த கொஞ்சம். ஹோபார்ட்டிலிருந்து டயன்னா ஆற்றுக்குப் போகும் வழியில் ப்ளென்டி என்ற ஊரில் அவற்றைப் பொரிக்கவைத்த குளங்கள் இன்றும் இருக்கின்றன. சால்மன் கடலுக்குப் போய்த் திரும்பவே இல்லை. ட்ரவுட் தங்கிப் பெருகிவிட்டது. அதன் இன்னொரு பக்கமும் உண்டு: அந்தத் தீவுக்கே உரிய கேலக்ஸியஸ் என்ற சிறு மீன்களுக்கு ட்ரவுட் பெரும் எதிரி. 1972இல் பெடர் ஏரியை அணைகட்டி மூழ்கடித்த பிறகு, பெடர் கேலக்ஸியஸ் அதன் சொந்த ஏரியில் இல்லாமலே போய்விட்டது. வேறு இடத்துக்கு மாற்றிக் காப்பாற்றியதுதான் மிச்சம். இதை அறிந்தபின் என் உற்சாகம் குறையவில்லை, ஆனால் ட்ரவுட் இல்லாத நீர்நிலைகளை அப்படியே விட்டுவைக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

அப்புறம், சில நடைமுறை விஷயங்கள். மேட்டுநில ஏரிகள் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, கோடையிலும் பனி விழலாம். டாஸ்மேனியாவில் உள்ள மூன்று வகைப் பாம்புகளுமே விஷமுள்ளவை, முழங்கால்வரை மறைக்கும் உறை இல்லாமல் புல்லில் நடக்காதீர்கள். நீங்கள் கொண்டுபோகும் பூட்ஸையும் வலையையும் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்துப்போங்கள். ஒரு நீர்நிலையின் பாசியும் நோயும் இன்னொன்றுக்குப் போகக்கூடாது.

கைடு நாட்களைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். ஒரு நாள் ஏரி, ஒரு நாள் டயன்னா போன்ற ஆறு என்று கேளுங்கள். எந்த ஏரி என்பதை முன்கூட்டியே பிடிவாதமாகச் சொல்லவேண்டாம். நல்ல வெயில் என்றால் தண்ணீர் தெளிந்த மேற்கு ஏரிகள், மேகமூட்டம் என்றால் மேஃப்ளை வரும் லிட்டில் பைன். முந்தைய நாள் மாலை வானிலையைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.