நகரப் பெருந்தெருக்களைத் திட்டமிடும் பொறியியலாளரின் வாழ்க்கை எப்படியிருக்கும்?

நான் கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கிறேன். வீதிப் போக்குவரத்துத் துறையில்தான் வேலை. அதனால் எங்கள் ரொறன்ரோவின் வீதிகளைத் தீர்மானித்த ஒருவரை வைத்தே பதில் சொல்கிறேன். அவர் பெயர் சாம் காஸ்.

1954இல் ரொறன்ரோவையும் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்து 'மெட்ரோ' என்ற பிராந்திய அரசு உருவானது. அதன் முதல் தலைவர் ஃபிரெட் கார்டினர். ஏரிக்கரையோரம் போகும் எக்ஸ்பிரஸ்வேக்கு அவர் பெயர்தான். அந்த மெட்ரோவின் போக்குவரத்து ஆணையாளராக இருந்தவர் காஸ். பிறகு வீதிகளும் அவர் பொறுப்பில் வந்தன. கார்டினர், டொன் வேலி பார்க்வே, வடமேற்கிலிருந்து நகருக்குள் இறங்கும் ஸ்பாடைனா, கிழக்கே எங்கள் ஸ்காபரோவுக்கு ஒன்று, நடுவே குறுக்காக ஒன்று என்று வலைபோல ஒரு திட்டம். அவர் தனியாகப் போட்டதில்லை. ஆனால் கடைசிவரை அதற்காக வாதாடியவர் அவர்தான்.

அவரைக் கார்ப் பைத்தியம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்னல் விளக்குகளைக் கணினியால் இயக்குவதை 1963இலேயே ரொறன்ரோ தொடங்கிவிட்டது. உலகில் வேறெந்த நகரமும் அதற்குமுன் செய்ததில்லை. அது காஸின் துறை செய்த வேலை. இன்று நான் திரையில் பார்க்கும் விளக்குகளின் நேர அட்டவணைக்கு அங்கேதான் வேர்.

சரி, இந்தத் தொழிலில் நாள் முழுக்க என்ன செய்வோம்? எண்ணுவோம். என் முதல் வேலையே அதுதான், படிக்கும் காலத்தில் ஒரு கோடை விடுமுறையில். சந்தியோரம் ஒரு மடக்குக் கதிரை, மடியில் பொத்தான்கள் வைத்த பலகை. ஒவ்வொரு திசைக்கும் இடம், நேர், வலம். ஒரு வாகனத்துக்கு ஓர் அழுத்து. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குப் பதிவாகும். மத்தியானம் ஒரு வயதான அம்மா சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். ஆறு லேன் வீதி. இரண்டு தடவை நடப்பதற்கான விளக்கு வந்தும் காலெடுத்து வைக்கவில்லை. இரண்டு லேன் தாண்டுவதற்குள், நேரம் முடிகிறது என்று விளக்கில் கை அடையாளம் மின்னத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். நடப்பவர்களுக்கும் என் பலகையில் ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் வீதியைக் கடந்தால்தான் அதை அழுத்தலாம்.

காஸின் தலைமுறையை நினைக்கும்போதெல்லாம் அந்த அம்மா ஞாபகம் வருவார். வாகனங்கள் பெருகும் என்று அவர்கள் சொன்னது அப்படியே நடந்தது. டொன் வேலி பார்க்வேயின் முதற்பகுதி 1961இல் திறந்தது. நாளொன்றுக்கு 60,000 வாகனங்களுக்காகக் கட்டிய வீதியில் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேல் ஓடுகின்றன. வீதி வந்தது, அதை நம்பி வீடுகள் தூரம்தூரமாக எழும்பின, அந்த வீடுகளிலிருந்து இன்னும் கார்கள் வந்தன. நானும் அப்படி வந்த ஒருவன்தான். எண்ணியதெல்லாம் சரி. வீதியால் யார் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள், எந்தத் தெரு இல்லாமல் போகும் என்பதற்குப் பொத்தான் இருக்கவில்லை.

அந்தக் கணக்கைத் தெருவில் இறங்கிக் கேட்டவர்கள் ஸ்பாடைனாவின் வழியில் குடியிருந்தவர்கள். மெட்ரோ சபை 1962இல் அனுமதித்து, 1963இல் வேலை தொடங்கிய திட்டம் அது. சீடர்வேல் பள்ளத்தாக்கையும் ஆனெக்ஸ் பகுதியையும் ஊடுருவிப் போயிருக்கும். வீட்டுக்காரர்கள், மாணவர்கள், பேராசிரியர்கள் என்று ஒரு கூட்டமே திரண்டது. நியூயோர்க்கில் இதேபோன்ற வீதியை எதிர்த்துவிட்டு 1968இல் இங்கே குடிவந்த ஜேன் ஜேக்கப்ஸும் சேர்ந்துகொண்டார். 1971 ஜூன் 3ஆம் திகதி மாகாண முதல்வர் பில் டேவிஸ் திட்டத்தை நிறுத்தினார். காருக்காகத்தான் கட்டுகிறோம் என்றால் ஸ்பாடைனா தொடங்க நல்ல இடம், மனிதருக்காக என்றால் நிறுத்த நல்ல இடம் என்று சட்டசபையில் சொன்னார்.

அப்போது லோரன்ஸ் வீதியிலிருந்து தெற்கே எக்ளிண்டன் வீதி வரை தோண்டியாகிவிட்டது. தார் போடவில்லை. 'டேவிஸ் பள்ளம்' என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. வரைபடம் மேசையிலேயே முடங்கிப்போவது எங்கள் தொழிலில் சாதாரணம். தோண்டிய பள்ளத்தை விட்டுவிட்டு, அதே அலுவலகத்துக்கு மறுநாள் போய், அப்புறம் எத்தனையோ வருடம் வேலை செய்வது வேறு. காஸ் அதைச் செய்தார், வீதியை முடிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டையும் விடவில்லை. திட்டம் நின்றது நகரத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த மனிதரை நினைத்தால் மனம் கனக்கும்.

பள்ளம் 1976இல் அலன் வீதியாகத் திறந்து எக்ளிண்டனில் முட்டி நிற்கிறது. அதற்குத் தெற்கே வீதி நீளவே கூடாதென்று, 3 அடி அகலத் துண்டு நிலத்தை 99 வருடக் குத்தகையில் ரொறன்ரோ நகரசபைக்கு மாகாண அரசு எழுதிக்கொடுத்தது. அலன் வீதியின் நடுவில் சப்வே ரயில் ஓடுகிறது, 1978இல் வந்தது. அதுவும் ஸ்பாடைனாத் திட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான்.

பின்னேரங்களில் எக்ளிண்டனில் வெளியேறும் கார் வரிசையில் நானும் நிற்பேன். பக்கத்தில் ரயில் வந்தால் பழக்கதோஷத்தில் ஜன்னலில் தெரியும் தலைகளை எண்ணத் தொடங்குவேன். இரண்டாவது பெட்டி முடிவதற்குள் ரயில் போய்விடும்.