மூக்கோரக் கட்டி: பயாப்ஸி ஸ்லைடிலிருந்து எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. மூக்கின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டி; ஆறாமல் திரும்பத் திரும்பப் பொருக்குத் தட்டுகிறது. 3 மி.மீ. பஞ்ச் பயாப்ஸியில் ‘பேசல் செல் கார்சினோமா, நோடுலர் வகை, விளிம்பில் கட்டி உள்ளது’ என்று அறிக்கை வந்திருக்கிறது. இம்யூனோ சோதனை, மரபணுச் சோதனை, ஏஐ மூலம் ஸ்லைடு வாசிப்பு என்று என்னென்னவோ படிக்கிறேன். எதைச் செய்வது? மறுபடியும் சதை எடுக்க வேண்டுமா?

பதில்: பேசல் செல் கார்சினோமா என்பது தோலில் வரும் ஒரு வகைப் புற்று; நோடுலர் என்றால் முடிச்சாக வளரும் வகை. ‘விளிம்பில் கட்டி உள்ளது’ என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பஞ்ச் கருவி கட்டிக்குள்ளேயே குத்தி ஒரு துண்டை எடுக்கிறது. அந்தத் துண்டின் ஓரத்தில் கட்டி இருக்கத்தான் செய்யும். விளிம்புக் கணக்கு, கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. கறுப்பு நிறமும் தனி ஆபத்து அல்ல. நிறம் அடர்ந்த தோலில் இந்தப் புற்று பெரும்பாலும் நிறமியோடுதான் வருகிறது.

நோயை உறுதிசெய்ய வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயமே பெரும்பாலும் போதும். கருநீலச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். கூட்டத்தின் ஓரச் செல்கள் வேலிக்கால்போல் வரிசை கட்டி நிற்கும். கூட்டத்துக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் நடுவே ஒரு வெடிப்பு தெரியும். இவை மூன்றும் தெளிவாக இருந்தால், செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் இம்யூனோ சோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

சந்தேகம் வரும் இடங்கள் இரண்டு. ஸ்குவாமஸ் செல் புற்று என்ற இன்னொரு தோல் புற்றுபோலத் தெரிந்தால் பெர்-ஈபி4, ஈஎம்ஏ என்ற இரண்டு இம்யூனோ சாயங்களையும் சேர்த்துப் போடுவார்கள். பேசல் செல் புற்று பொதுவாக முதலாவதை ஏற்கும், இரண்டாவதை ஏற்காது. மயிர்க்காலிலிருந்து வரும் ட்ரைக்கோஎபித்தீலியோமா என்ற தீங்கற்ற கட்டியோடு குழப்பம் என்றால் பெர்-ஈபி4 உதவாது. இரண்டுமே அதை ஏற்கும். அங்கே சிடி10 என்ற சாயம் கைகொடுக்கும்: புற்றில் கட்டிச் செல்களே சாயமேறும், தீங்கற்றதில் சுற்றியுள்ள இணைப்புத் திசு சாயமேறும். சிகே20 என்ற சாயம் போட்டால் தீங்கற்ற கட்டிக்குள் சிதறிக் கிடக்கும் மெர்க்கல் செல்கள் (தோலில் தொடு உணர்வுக்கான செல்கள்) தெரியும். புற்றில் அவை அநேகமாக இருக்காது. ஆனால் துண்டு மேலோட்டமாக எடுக்கப்பட்டிருந்தால் எந்தச் சாயமும் காப்பாற்றாது. கட்டியின் அடிப்பகுதி எப்படிப் பரவுகிறது என்பதுதான் முக்கியமான தடயம்.

உங்கள் அம்மாவுக்கு உண்மையில் முக்கியமானது வகை. 2018-இல் வந்த உலக சுகாதார நிறுவனப் பட்டியல் இதைத்தான் முன்னிறுத்துகிறது: நோடுலர், மேலோட்ட வகைகள் குறைந்த ஆபத்து, ஊடுருவும் வகை, தழும்புபோல் இறுகும் வகை, நுண்முடிச்சு வகை, பேசோ-ஸ்குவாமஸ் (பேசல், ஸ்குவாமஸ் இரண்டின் தன்மையும் கலந்தது) ஆகியவை அதிக ஆபத்து. 2 செ.மீ.க்குக் குறைந்த, எல்லை தெளிவான கட்டியை 4 முதல் 5 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டினால் சுமார் 95 சதவீதம் முழுதாக நீங்கும். தழும்பு வகையில் 5 மி.மீ. விட்டாலும் 82 சதவீதம்தான். ஒரே கட்டியில் இரண்டு வகை கலந்திருப்பது சகஜம், 3 மி.மீ. துண்டு ஓரிடத்தை மட்டுமே காட்டும். அதனால் அறுவைக்குப் பிறகு ‘ஊடுருவும் பகுதியும் உண்டு’ என்று வந்தால் முதல் அறிக்கை தவறு என்று எண்ண வேண்டாம்.

இப்போதைக்கு மறு பயாப்ஸி வேண்டாம். கட்டியின் எல்லை மங்கலாகவோ தழும்புபோலவோ இருந்தால், அல்லது ஏற்கெனவே எடுத்த இடத்தில் திரும்ப வந்திருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். அதற்கு முன், ஏற்கெனவே எடுத்த துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கில் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்கச் சொல்லலாம். செலவும் குறைவு, அம்மாவுக்கு வலியும் இல்லை.

ஆய்வுகளில் நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி என்று நாங்கள் நினைப்பது விளிம்பைப் பார்க்கும் முறைதான். வழக்கமான முறையில் வெட்டிய சதையை 3 மி.மீ. தடிமன் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் 4 மைக்ரான் அளவுக்கு ஒரு சீவல் எடுக்கிறார்கள். அதாவது 750-இல் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு ‘விளிம்பு சுத்தம்’ என்கிறோம். மோஸ் அறுவையில் (கட்டியை அடுக்கடுக்காக வெட்டி, அறுவையின்போதே விளிம்பைச் சோதிக்கும் முறை) ஓரத்தையும் அடியையும் ஒரே தளமாகப் படியவைத்து, உறையவைத்துச் சீவுவதால் விளிம்பு முழுதும் கண்ணுக்கு வரும். மூக்கு அதிக ஆபத்து இடம் என்பதால், வசதி இருந்தால் இதைக் கேளுங்கள். உறையவைப்பதற்குப் பதிலாக, வெட்டிய சதையை அப்படியே ஒளிரும் சாயத்தில் தோய்த்து கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் சில நிமிடங்களில் பார்க்கும் முறை இப்போது வளர்ந்துவருகிறது. பார்த்த பின் அதே சதையை ஃபார்மலினில் (சதையைக் கெடாமல் காக்கும் திரவம்) போட்டு வழக்கமான சோதனைக்கும் அனுப்பலாம் என்பது பெரிய லாபம்.

ஏஐ விஷயத்தில் 2019-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் குழு வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்புமுனை. 15,187 நோயாளிகளின் 44,732 ஸ்லைடுகளைக் கொண்டு, புற்று இருக்கும் இடத்தைக் கையால் வரைந்து காட்டாமல், அறிக்கையின் முடிவை மட்டும் கொடுத்து ஏஐயைப் பயிற்றுவித்தார்கள். அதில் பேசல் செல் புற்றும் ஒன்று. துல்லியம் மிக உயர்வு. ஆனால் அது பதில் சொன்னது ‘புற்று உண்டா?’ என்ற கேள்விக்கு. உங்களுக்கு அந்தப் பதில் கிடைத்துவிட்டது. எந்த வகை, எவ்வளவு ஆழம் என்பதற்கு இன்றும் ஸ்லைடை வாசிக்கும் அனுபவமுள்ள மருத்துவர், அதாவது பேத்தாலஜிஸ்ட்தான் வேண்டும்.

மரபணுச் சோதனையும் இப்போது வேண்டாம். இந்தப் புற்றுக்குக் காரணமாகும் பிடிசிஎச்1 மரபணுவின் பழுது 1996-இல் கண்டறியப்பட்டது. அந்தப் பழுதால் தூண்டப்படும் செல் வளர்ச்சிப் பாதையைத் தடுக்கும் விஸ்மோடெஜிப் என்ற மருந்து 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்து, வெட்ட முடியாத அளவு முற்றியதற்கோ பரவியதற்கோதான். இளவயதிலேயே பல கட்டிகள், தாடை எலும்பில் நீர்க்கட்டிகள், உள்ளங்கையில் சிறு குழிகள் என்று குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மட்டும் மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

இரண்டாம் கருத்து வாங்கப் போனால் ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். வெயிலிலோ காரிலோ வைக்காதீர்கள், மெழுகு இளகும். அறுவையன்று சதையின் ஒரு முனையில் திசை காட்டும் நூல் போடப்படுகிறதா, சதையின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் உடனே போடப்படுகிறதா என்று கேளுங்கள். சலைனில் (உப்பு நீரில்) கிடந்தால் செல்கள் அழுகும். நூல் இல்லையென்றால் கட்டி மிஞ்சிய பக்கம் கண் பக்கமா, கன்னப் பக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. இறுதி அறிக்கையில் எல்லா வகைகளும், மி.மீ.இல் ஆழமும், நரம்பைச் சுற்றிப் பரவல் உண்டா என்பதும், பக்கவிளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் உள்ள தூரமும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.