பாதரசத்தைத் தின்னும் கரைசலை ஏரியில் ஊற்றலாமா?

கொடைக்கானலில் இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தெர்மாமீட்டர் ஃபேக்டரி மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாதரசம் கனமான சரக்கு, ஏரியின் அடியில் போய்ப் படுத்திருக்கும், அது எப்படி மீனுக்குள் வரும்? வீட்டுக்கு அவ்வப்போது வரும் ஏரிக் கெண்டையைச் சாப்பிடலாமா? பாதரசத்தைத் தின்னும் நுண்ணுயிர்க் கரைசல் என்று ஒருவர் கேனில் விற்கிறார், அதை எங்கள் இடத்துக் குளத்திலும் ஏரியிலும் ஊற்றினால் சரியாகிவிடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: காசைக் கொடுத்து அந்தக் கேனை வாங்காதீர்கள். பாதரசம் ஒரு தனிமம், எந்தக் கிருமியாலும் அதைத் தின்று இல்லாமல் செய்துவிட முடியாது, உருவத்தைத்தான் மாற்ற முடியும். எந்த உருவத்துக்கு மாற்றுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்தது. காற்றில் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் கரையும் உப்பு மாதிரியான உருவத்துக்கு மாறி, மழையோடு இறங்கி, மண்ணோடும் இலைமக்கோடும் ஒட்டிக்கொண்டு ஏரிக்கு வந்து வண்டலில் சேர்கிறது. ஆக, அடியில் இருப்பது பளபளக்கும் உருண்டை அல்ல, சேற்றோடு சேறாகக் கலந்த பாதரச உப்பு. அதுவும் அப்படியே கிடந்தால் மீனுக்குள் பெரிதாக ஏறாது. அதை ஏற வைப்பது சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள்.

ஏரி ஓரத்தில் ஒரு குச்சியை ஆழமாகக் குத்தி எடுத்துப் பாருங்கள். மேலே அரை விரல்கடை பழுப்பாக இருக்கும், அதற்குக் கீழே கரிய சேறு, அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அங்கே ஆக்சிஜன் இல்லை, அதனால் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்பேட்டை வைத்து மூச்சு விடுகின்றன, வேறு சில இரும்பை வைத்து. அவற்றில் சில, பக்கத்தில் கிடக்கும் பாதரசத்தை உள்ளே இழுத்து அதன் தலையில் ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது) மாட்டி வெளியே தள்ளிவிடுகின்றன. அதுதான் மெத்தில் பாதரசம், ஜப்பானின் மினமாட்டாவில் மக்களை முடக்கிப்போட்ட அதே பொருள். மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவிலேயே மெத்தில் பாதரசம் வந்தது; சாதாரணப் பாதரசத்தையும் ஏரிச்சேற்று உயிர்கள் அப்படி மாற்றும் என்பதை 1969-இல் ஸ்வீடனைச் சேர்ந்தவர்கள் காட்டினார்கள். அந்த வேலையைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் பிடிபட 2013 வரை ஆனது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் கொடை ஏரியையும் பேரிஜம், கூக்கால் ஏரிகளையும் சோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொடை ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம், அதில் சுமார் 50 நானோகிராம் மெத்தில் வடிவில். எல்லோரும் மொத்த அளவைத்தான் பேசுவார்கள், எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறொன்று: வண்டலில் இருந்த பாதரசத்தில் மெத்திலாக மாறியது கொடை ஏரியில் 6 சதவீதம், பேரிஜத்தில் 3-4, கூக்காலில் 2 சதவீதம்தான். சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு பக்கம், அதை மாற்றும் சமையல் எவ்வளவு மும்முரமாக நடக்கிறது என்பது இன்னொரு பக்கம். பொதுவாக, சாக்கடையும் அழுகும் களையும் சேரச் சேர அடியில் ஆக்சிஜன் தீர்ந்து இந்தச் சமையல் சூடு பிடிக்கும்.

இப்போது அந்தக் கேனுக்கு வருகிறேன். பாதரசத்தைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்கள் இருப்பது உண்மை. அவை மெத்திலைக் கழற்றி, மீதியை உலோகப் பாதரசமாக்கி ஆவியாக வெளியே விட்டுவிடும். ஆனால் அந்த வேலைக்கான மரபணுக்கள் நன்றாக முடுக்கிவிடப்படுவது பாதரசம் அதிகமாக இருக்கும் இடத்தில், ஏரியில் இருக்கும் நானோகிராம் அளவுக்கு அவை அசைந்து கொடுக்காது, அசைந்தாலும் பாதரசம் காற்றுக்குப் போய் மறுபடி மழையில் இறங்கும். இதைவிட எனக்குக் கவலை, இந்த மாதிரிக் கரைசல்கள் பெரும்பாலும் வெல்லம், மொலாசஸ் போட்டு வளர்த்தவை. கேன் கேனாக ஊற்றினால் அடிச்சேற்றுக்கு இனிப்புச் சாப்பாடு போட்ட மாதிரி, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனும் போய் மெத்தில் பாதரசம் கூடத்தான் வழி.

நுண்ணுயிரை வைத்தே நுண்ணுயிரை அடக்கிய ஊர் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஆனன்டாகா ஏரியில் குளோரின் ஆலை ஒன்று பல பத்தாண்டுகள் பாதரசத்தைக் கொட்டியது, 1970-இல் மீன்பிடிக்கவே தடை போட்டார்கள். 2004-இல் அங்குள்ள கழிவுநீர் நிலையத்தை மேம்படுத்தியபோது, அம்மோனியா நைட்ரேட்டாக மாறி ஏரிக்குப் போக ஆரம்பித்தது. யாரும் எதிர்பார்க்காமல் அடித்தண்ணீரில் மெத்தில் பாதரசம் குறைந்தது. நைட்ரேட் இருக்கும்வரை பாக்டீரியாக்கள் சல்பேட் பக்கம் திரும்புவதில்லை, அதுதான் காரணம். 2011 முதல் வேண்டுமென்றே கால்சியம் நைட்ரேட்டைக் கோடையில் ஆழத்தில் செலுத்தினார்கள், பலன் கிடைத்தது. அதற்காக யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அது சுமார் 20 மீட்டர் ஆழமுள்ள ஏரி, அடித்தண்ணீர் கோடை முழுக்க மேலே வராது. ஆழம் குறைந்த நம் ஏரியில் போட்டால் பாசிதான் மண்டும்.

உங்கள் இடத்துக் குளத்துக்கு நான் சொல்வது: குளியலறை, சமையலறைத் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய களையைத் தண்ணீரிலேயே விடாமல் கரையேற்றுங்கள். அடிக்கடி வற்றவிட்டு நிரப்பாதீர்கள், காய்ந்த சேற்றில் சல்ஃபைடு சல்பேட்டாக மாறி, தண்ணீர் வந்ததும் அதே பாக்டீரியாக்களுக்கு விருந்தாகும். தூர் வார வேண்டுமென்றால் மண்ணைச் சோதித்த பிறகுதான், அள்ளிய சேற்றைக் காய்கறிப் பாத்தியில் கொட்டக் கூடாது.

மீன் விஷயம். மெத்தில் பாதரசம் கொழுப்பில் இல்லை, சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது, அதனால் தோலை உரித்தாலும் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது. மற்ற மீனைத் தின்னும் மீனிலும் வயதான பெரிய மீனிலும் அதிகம் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து வைத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 96 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 320 கிராமோடு கணக்கு முடிந்தது. ஆகவே ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நாலைந்து மீனின் சதையைக் கொடுத்து, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு வாங்குங்கள், மீனில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில்தான் என்பதால் மொத்தப் பாதரச அளவே போதும். அந்த முடிவு கைக்கு வரும்வரை வீட்டில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஏரி மீன் வேண்டாம், சந்தையில் மத்தி கிடைத்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.