கொள்ளிடக் கரையில் கூடாரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் முக்கொம்பிலிருந்து அணைக்கரை வரை கொள்ளிடக் கரையோரமாகவே ஜீப்பில் போகிறோம். வழியில் இரண்டு இரவு கூடாரம் போட எண்ணம். முதலை இருக்கிறது என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எங்கே தங்குவது? - வாசகர், கும்பகோணம்

பதில்: வீட்டில் சொல்வது சரிதான். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் தண்ணீருக்குப் பயப்படுங்கள். மேட்டூர் நிரம்பினால் உபரி நீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவார்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்க, மழையே இல்லாமல் ஆறு ஏறும். ஆகவே ஆற்றுக்குள் இருக்கும் மணல் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கரையோரப் புதர்களில் வைக்கோலும் காய்ந்த ஆகாயத்தாமரையும் சிக்கித் தொங்கும் உயரத்தைப் பாருங்கள். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. அதற்கும் மேலே, தண்ணீரிலிருந்து 50 மீட்டராவது தள்ளிக் கூடாரம் போடுங்கள். ஜீப்பும் கரை மேலேயே நிற்கட்டும்.

இடம் பிடித்ததும், வெளிச்சம் இருக்கும்போதே நீரோரச் சேற்றைப் பாருங்கள். வழவழவென்று வயிறு சறுக்கிய தடமோ, வால் கீறிய கோடும் அதன் இருபுறமும் நகம் பதிந்த காலடியுமோ தெரிந்தால் மூட்டையைக் கட்டுங்கள். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் மணலில் கிடந்தால் அது நீர்நாய். நெருங்காமல் பார்த்து ரசிக்கலாம். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கூடுதல் கவனம் தேவை. நமக்குப் பிடித்த அதே காய்ந்த மணல் மேட்டில்தான் தாய் முதலையும் முட்டையிட்டுக் காவல் இருக்கும்.

ஒரே துறையில் ஒரே நேரத்தில் தினமும் இறங்குவது முதலைக்கு நாமே நேரம் குறித்துக் கொடுப்பது போல. நம் ஊர் வழக்கப்படி, நீரோரத்தை விட்டுத் தள்ளி மணலில் இரண்டு மூன்று அடி ஊற்றுத் தோண்டுங்கள். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துவிட்டு, அடுத்துத் தெளிவதை எடுத்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் ஆற்றோரம் கொட்டாதீர்கள். மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் ஆளை விழுங்கும். குளியல் வாளியோடு போதும்.

கேள்வி: கூடாரத்தில் பாம்பு வராமல் இருக்க உப்பு, பூண்டு தூவலாமா? - வாசகி, மன்னார்குடி

பதில்: பயனில்லை. கூடாரத்தின் ஜிப்தான் காவல். உள்ளே ஆள் இல்லாதபோதும் அடிவரை இழுத்து மூடுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். வெறும் தரையில் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடிப்பது கட்டுவிரியன். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடியும்போது வயிற்று வலி, இமை செருகல், பேச்சுக் குழறல் என்று வந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து, கை காலை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். நாட்டு வைத்தியர் வீட்டுக்கு அலைந்து நேரத்தை விடாதீர்கள்.

கேள்வி: கோடியக்கரையில் வெளிமான் பார்க்க அங்கேயே கூடாரம் போடலாமா? - வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அது சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே தங்க முடியாது. வேதாரண்யத்தில் அறை எடுத்துக்கொண்டு காலையில் சீக்கிரமே போங்கள், திறந்த புல்வெளியில் மேயும். பைனாகுலர் அவசியம்.