முழங்கை வலிக்காக ஓய்வெடுத்த 12 வயது பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) எப்போது முழு வேகத்தில் வீசலாம்?

வலி நின்றதும் உடனே முழு வேகம் கூடவே கூடாது. இந்த வயதில் முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. பாதிப்பு முதலில் வருவது அங்கேதான். அழுத்தினாலும் வலியில்லை, கை முழுதாக நீள்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே பந்தைத் தொட வேண்டும்.

அமெரிக்காவில் வழக்கமான முறை இது: சமதரையில் சுமார் 45 அடியிலிருந்து மெதுவாக வீசுவது, மறுநாள் ஓய்வு. வலியில்லாவிட்டால் 60, பிறகு 90 அடி. வலித்தால் நிறுத்தி, அடங்கியதும் முந்தைய தூரத்துக்கே திரும்ப வேண்டும். பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறுவது அதற்குப் பிறகுதான். அங்கும் பாதி வேகத்தில் நேர்ப்பந்துகளே முதலில். வளைவுப் பந்து கடைசியில்.

ஆட வேண்டும் என்ற ஆசையில் பையன் வலியை மறைப்பான். வீசும்போது முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே இறங்குகிறதா என்று நீங்களே கவனியுங்கள். அமெரிக்க பேஸ்பால் பிட்சர் டாமி ஜான் 1974இல் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் 1975 முழுவதும் ஆடவில்லை; 1976இல் திரும்பி, மேலும் 164 வெற்றிகள் பெற்றார். உங்கள் மகனுக்கு ஒரு சீசன் போனால் போகட்டும். திரும்பிய பிறகும் 11, 12 வயதினருக்கு ஒரு நாளில் 85 வீச்சுகளே உச்சவரம்பு.